எனக்கு இரண்டு கரண்டி நெய், அக்காவுக்கு அரைக் கரண்டி

எங்கள் இரண்டு பேர் உடம்பைப் பற்றி எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டபோது மூன்று நிபந்தனை போட்டாள். அவள் பெயர் வரக்கூடாது. அவள் எத்தனை கிலோ என்று எங்கேயும் எழுதக்கூடாது. 'கடைசியில் கல்யாணம் ஆச்சா' என்ற கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது. மூன்றுக்கும் சம்மதித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் எடையை எழுதத் தடையில்லை. கல்லூரி இரண்டாம் வருடத்தில் நான் 172 சென்டிமீட்டர் உயரம், 49 கிலோ. உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்குப் போட்டால் 16.6. பதினெட்டரைக்குக் கீழே போனாலே குறைவு என்பார்கள்.

எங்களுக்கு விருதுநகர். அப்பா ஒரு பருப்புக் கமிஷன் கடையில் கணக்கு எழுதினார். நான் சென்னையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் அதே வேலையைக் கம்ப்யூட்டரில் செய்கிறேன். அக்கா என்னைவிட இரண்டு வயது பெரியவள், பள்ளிக்கூட டீச்சர். அப்பா வழித் தாத்தாவின் எலும்பு எனக்கு வந்தது, அம்மா வழிப் பெரியம்மாக்களின் வாகு அவளுக்குப் போனது. ஆனால் உறவுக்காரர்கள் எங்களைத் தனித்தனியாகப் பார்த்ததே இல்லை. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தித்தான் பார்ப்பார்கள். "இவன் பங்கையும் சேத்து அவ தின்னுட்டா" என்பது எங்கள் குடும்பத்தில் ஏகப்பட்ட பேர் தனித்தனியாகக் கண்டுபிடித்த ஜோக். ஒவ்வொருவரும் தான்தான் முதலில் சொல்வதாக நினைத்துச் சிரிப்பார்கள்.

வீட்டில் நெய்க் கிண்ணம் அம்மா கையில்தான் இருக்கும். இட்லிப் பொடிக்கானாலும் பருப்புச் சோற்றுக்கானாலும் எனக்கு இரண்டு கரண்டி. வேண்டாம் என்று கையை வைத்து மறைத்தாலும் விரலிடுக்கில் விழும். அக்காவுக்கு அரைக் கரண்டி, அதுவும் கரண்டியைக் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு தடவை தேய்த்து வழித்துவிட்ட பிறகு. அப்படித் தேய்க்கும்போது அம்மா அக்காவின் முகத்தைப் பார்க்கமாட்டாள். அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் நாலாவது இட்லியை எப்படி உள்ளே தள்ளுவது என்று யோசித்துக்கொண்டிருப்பேன். ஒருத்திக்கு இன்னொரு தோசை வேண்டும், கேட்க முடியாது. இன்னொருத்தனுக்கு வேண்டாம், சொல்ல முடியாது. அப்பா மட்டும் பேப்பரைப் புரட்டிக்கொண்டே நிம்மதியாகச் சாப்பிட்டு எழுந்து போவார். அவரும் ஒல்லிதான். ஆம்பிளைக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் அதற்குமேல் யாரும் அவன் உடம்பைக் கணக்கெடுப்பதில்லை போலிருக்கிறது.

எனவே நான் சாப்பாட்டை ஒளிக்கப் பழகினேன், அவள் சாப்பிடுவதை ஒளிக்கப் பழகினாள். என் வேலை சுலபம். எங்கள் தெருவில் நாய்களுக்குக் குறைவில்லை. அவளுடையது கஷ்டம். சுடிதார் அடுக்குக்குப் பின்னால் சாத்தூர் காராச்சேவுப் பொட்டலம் வைத்திருப்பாள். காராச்சேவைக் கடித்தால் பக்கத்து அறைக்குக் கேட்கும். அதனால் நாலைந்தை வாயில் போட்டு ஊறவைத்து, பதமானதும் நாக்கால் மேலண்ணத்தில் நசுக்கி விழுங்குவாளாம். இதை அவள் எனக்குச் சொன்னது போன வருடம்தான். அந்தச் சேவுக்கு இருக்கிற ஒரே அழகு அந்த மொறுமொறுப்பு. அதை ஒரு தடவைகூட அனுபவிக்காமல் மூட்டை மூட்டையாகத் தின்றிருக்கிறாள்.

ஒருநாள் எண்ணெய் கசிந்து வெள்ளைத் துப்பட்டாவில் வட்டமாகக் கறை. துவைக்க எடுத்த அம்மா கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்குப் பார்த்து அத்தை வீட்டில் இருந்தார். துப்பட்டா நடுக்கூடத்துக்கு வந்தது. மீதியை நான் எழுத வேண்டியதில்லை.

எனக்கு வந்த பட்டங்களைச் சொல்லிவிடுகிறேன்: ஒட்டடைக்குச்சி, நோஞ்சான், காத்தடிச்சா பறந்துருவான். அவளுக்கு வந்தவை உங்களுக்கே தெரியும். தமிழ் சினிமாக் காமெடி டிராக்குகள் தேவைக்கு அதிகமாகவே சொல்லிக்கொடுத்திருக்கின்றன. குண்டான பெண் உட்கார்ந்தால் நாற்காலி உடைய வேண்டும், அதுதான் காமெடி. டிவியில் அந்த மாதிரிக் காட்சி வந்தால் எல்லோரையும்விட ஒரு நொடி முன்னால் அக்கா சிரித்துவிடுவாள். அப்படிச் சிரித்துவிட்டால் மற்றவர்கள் அவள் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

ஆச்சியைச் சொல்ல எனக்கு மனசு வராது. அவள் 1950 வாக்கில் பிறந்தவள். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. கம்பும் சோளமும்தான் தினப்படி, நெல்லுச்சோறு நல்ல நாளுக்குத்தான். எங்கள் ஊர்க்காரர் காமராஜர் 1956-ல் பள்ளிக்கூடங்களில் மதிய உணவு கொண்டுவந்தாரே, அந்தச் சோற்றுக்காகவே பள்ளிக்கூடம் போய், மூன்றாவதோடு நின்றவள். ஒருத்தர் உடம்பில் நாலு சதை இருந்தால் அந்த வீட்டுக் குலுக்கையில் தானியம் இருக்கிறது என்பதுதான் அவளுக்குத் தெரிந்த கணக்கு. "பூசுனாப்ல இருக்க தாயி" என்று அக்காவின் கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பாள். சின்ன வயதில் அக்கா அதற்குக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்பாள். பத்தாவது படிக்கும்போது அதற்காகவே கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஆச்சிக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

ஆச்சிக்கு அடுத்த தலைமுறை அப்படியில்லை. அவர்கள் ரேஷன் அரிசியும் சுகர் மாத்திரையும் கல்யாண மார்க்கெட்டும் பார்த்தவர்கள். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு பிஎம்ஐ 25 அல்லது அதற்கு மேல், அதாவது அதிக எடை. ஆண்களில் 37. அதாவது பந்தியில் அக்காவை நிறுத்திவைத்து விசாரிக்கிற சித்திகளில் பத்துக்கு நாலு பேர் அவளுடைய கட்சிதான். அதைச் சொல்லிக்காட்டும் தைரியம் எங்களுக்கு அப்போது இல்லை.

எனக்கு வந்தது வேறு விதம். மாமாவுக்கு என்னைப் போலீஸில் சேர்த்துவிட ஆசை. உயரம் 170 சென்டிமீட்டர் வேண்டும், அது இருந்தது. மார்பு 81, மூச்சை இழுத்துப் பிடித்தால் மேலும் 5 விரிய வேண்டும். ஒரு தீபாவளி மத்தியானம், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, மாமா பக்கத்து வீட்டுத் தையல் டேப்பை வாங்கிவந்து சட்டையைக் கழற்றச் சொன்னார். "இழுடா... இன்னும் இழு..." நான் இழுத்துப் பிடித்து நின்றேன். விலா எலும்பு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சித்தி மகன் அதை எண்ண ஆரம்பித்தான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். இழுத்த மூச்சு சிரிப்பில் வெளியே போய்விட்டதால் மாமா மறுபடி முதலிலிருந்து அளந்தார்.

அதன் பிறகு வீட்டில் சட்டையில்லாமல் நான் இருந்ததில்லை. விருதுநகர்ச் சித்திரை வெயில் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதில் பனியன், அதற்கு மேல் ஒரு டிஷர்ட், அதற்கு மேல் முழுக்கைச் சட்டை. மணிக்கட்டு தெரியக்கூடாது என்று கைப் பட்டனையும் போட்டுவிடுவேன். வாட்ச் ஸ்ட்ராப்பில் ஆணியைக் காய்ச்சி எனக்கென்று கூடுதலாக ஓட்டை. மதுரைக்குத் தினமும் பஸ்ஸில் போய் பி.காம். படித்தேன். மூன்று அடுக்குத் துணிக்குள் ஜன்னலோரம் கிடைக்காமல் நின்றுகொண்டே போன அந்தப் பயணங்களை நினைத்தால் இப்போதும் முதுகு நனைகிறது.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு உடம்பு ஏறட்டும் என்று அம்மா மாத்திரை வாங்கிவந்தாள். பக்கத்துத் தெருவில் யாரோ ஒருவரின் மகனுக்கு 'நல்லா வேலை செஞ்சிருச்சாம்'. டாக்டர் சீட்டெல்லாம் யாரும் கேட்கவில்லை. ஒரு பேப்பர் கவரில் அட்டையிலிருந்து உதிர்த்த சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள், கூட ஒரு பாட்டில் பசி டானிக். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. வேலை செய்ததா என்றால், பிரமாதமாகச் செய்தது. ராத்திரி இரண்டு மணிக்குப் பசி எழுப்பிவிடும். பகலில் கிளாஸில் தூக்கம் சொக்கும். கொஞ்ச வாரத்தில் முகம் உருண்டு வந்தது. கன்னம், தாடைக்குக் கீழே ஒரு மடிப்பு, சின்னதாகத் தொப்பை. கையும் காலும் மட்டும் அதே குச்சி.

என் வாழ்க்கையில் உடம்புக்காகப் பாராட்டு வாங்கியது அப்போதுதான். "இப்பத்தான்டா பாக்க லட்சணமா இருக்க" என்றார் அத்தை. மாமா முதுகில் தட்டினார். சித்தி மகன் கல்யாண ஆல்பத்தில் நான் முன்வரிசையில் நிற்கிறேன், பௌர்ணமி நிலா மாதிரி ஒரு முகத்தோடு. அம்மா அந்த போட்டோவை பிரேம் போட்டு மாட்டினாள். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். தாகமும் வயிற்றெரிச்சலும் எதற்கெடுத்தாலும் எரிச்சலும் இருந்தாலும், தெருவில் இறங்கி நடந்தால் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, அந்த ஒரு நிம்மதிக்கு எதையும் தாங்கலாம் போலிருந்தது.

கிளாஸ்மேட் ஒருவனின் அண்ணன் டாக்டருக்குப் படித்து முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருந்தார். அவர்கள் வீட்டுக்குப் போனபோது என்னைப் பார்த்ததும் எப்படியிருக்கே என்றுகூடக் கேட்கவில்லை. "என்ன மாத்திரை சாப்பிடுறே?" என்றார். மறுநாள் அரசு ஆஸ்பத்திரிக்கு அந்தக் கவரோடு போனோம். டெக்ஸாமெதசோன் என்கிற ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாதது. உடம்பில் கொழுப்பை முகத்துக்கும் வயிற்றுக்கும் தள்ளும், சர்க்கரையை ஏற்றும், எலும்பையும் தசையையும் கரைக்கும். டானிக்கில் இருந்தது சைப்ரோஹெப்டடின். அலர்ஜிக்குக் கண்டுபிடித்த பழைய மருந்து, பசியும் தூக்கமும் அதன் பக்க விளைவு. நம் ஊரில் பக்க விளைவுக்காகவே விற்கிறார்கள்.

கவரைத் தூக்கிப் போட்டுவிடுகிறேன் என்றேன். டாக்டர் பதறிவிட்டார். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரினல் சுரப்பி, நமக்கு வேலையில்லை என்று தூங்கிப்போகும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் விட வேண்டும். அப்படியே குறைத்தார். முகம் பழையபடி வற்றியது. அத்தை அடுத்த தடவை வந்தபோது கேட்டது இதுதான்: "நல்லாத்தான இருந்த, ஏன்டா நிறுத்திட்ட?"

அக்கா கதைக்கு வருகிறேன். அவள் பி.எட். முடித்த வருடம் மஞ்சள்காமாலை வந்தது. கீழாநெல்லி, மோர்ச்சோறு, உப்பில்லாப் பத்தியம், இரண்டு வாய்க்கு மேல் எது போனாலும் வாந்தி. ஒரு மாதத்துக்கு மேல் படுத்திருந்தாள். எழுந்து நடமாட ஆரம்பித்த கையோடு சொந்தத்தில் ஒரு கல்யாணம். கண்ணில் மஞ்சள் இன்னும் முழுசாக இறங்கவில்லை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஜாக்கெட்டை உள்பக்கம் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள்.

மண்டப வாசலில் சந்தனம் கொடுக்கும் இடத்திலேயே ஆரம்பித்துவிட்டது. "ஏ, யாருடி இது! அடையாளமே தெரியலையே!" "என்ன டயட்டு? எனக்கும் சொல்லேன்." "இப்படியே மெயின்டெய்ன் பண்ணு, இந்த வருசமே முடிச்சிரலாம்." காமாலை என்று அம்மா சொன்னபோதும், "எதுவா இருந்தா என்ன, உடம்பு இறங்குச்சுல்ல" என்று ஒருவர் சொன்னார். அவர் நல்லவர்தான். அக்காவின் படிப்புக்குப் பணம் கொடுத்து உதவியவர்.

அன்று ராத்திரி மண்டபத்து மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு, இந்தக் காமாலை திரும்ப வந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்ததாக அக்கா பல வருடம் கழித்துச் சொன்னாள். எனக்குச் சட்டென்று அந்த பிரேம் போட்ட போட்டோ ஞாபகம் வந்தது. நாங்கள் பார்க்க நன்றாக இருக்கிறோம் என்று எங்கள் குடும்பம் ஒப்புக்கொண்டது ஆளுக்கு ஒரு தடவை. இரண்டு தடவையும் நாங்கள் நோயாளிகள். உடம்பைப் பற்றிய அக்கறையில்தான் இதெல்லாம் சொல்கிறார்கள் என்ற பேச்சை அதற்குப் பிறகு என்னால் நம்ப முடியவில்லை.

உடம்பு தேறியதும் எடை திரும்பி வந்தது, வராமல் என்ன செய்யும். அக்கா காலையில் சாப்பிடுவதை நிறுத்தினாள். மத்தியானம் டிபன் பாக்ஸில் வெள்ளரிக்காய். வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் டீச்சர்கள் பகிர்ந்து சாப்பிடும்போது இவள் நோட்டுத் திருத்துவாள். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படிக்குப் போய், பிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றுகொண்டே சாப்பிடுவாள். மிஞ்சிய சோறு, குழம்பு, சர்க்கரை, பால்பவுடர், எது கைக்கு வந்தாலும். வயிறு வலிக்கும்வரை நிறுத்த முடியாது. அப்புறம் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். காலையில் அந்தக் குற்றவுணர்ச்சியில் மறுபடி பட்டினி. இதற்கு நடுவில் பெண் பார்க்க வருவார்கள். வரன் பதிவில் 'உடல்வாகு' என்று ஒரு கட்டம் உண்டே: ஒல்லி, நடுத்தரம், பருமன். அதில் எதை டிக் அடிப்பது என்று அம்மாவும் தரகரும் அவளை வைத்துக்கொண்டே விவாதிப்பார்கள். 'நடுத்தரம்னு போடுவோம், நேர்ல பாத்தா பாத்துக்கலாம்' என்று முடிவாகும். நேரில் பார்த்தவர்கள் போனிலேயே முடித்துக்கொள்வார்கள்.

மாதவிலக்கு தப்பிப் போய் ஒரு டாக்டரிடம் காட்டியபோது சினைப்பையில் நீர்க்கட்டி என்றார். உடம்பைக் குறைங்க என்று எழுதிக் கொடுத்தார். எப்படிச் சாப்பிடுகிறாய், எப்போது சாப்பிடுகிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் வெளியே வந்திருக்கும்.

வெளியே வந்தது 2023-ல். கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் இவள் ஸ்டாஃப் ரூமில் காரணமில்லாமல் அழுவதைப் பார்த்துவிட்டு 14416 என்ற எண்ணைக் கொடுத்தார். டெலி மனஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்த மனநல உதவி எண் அது, காசு கிடையாது, தமிழில் பேசலாம், ராத்திரியும் எடுப்பார்கள். அக்கா ராத்திரிதான் பேசினாள். மாவட்ட அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இருந்த மனநல ஆலோசகர் எடை மெஷினைக் காட்டவில்லை. நிறைய கேட்டுவிட்டு, நடுவில் சாதாரணமாகக் கேட்டாராம்: "ராத்திரி சாப்பிடும்போது லைட் போடுவீங்களா?" அக்கா அங்கேயே உடைந்துபோனாள்.

கட்டுப்பாடு இழந்து அள்ளிச் சாப்பிடுவது ஒரு நோய், அதற்கு சிகிச்சை இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் அதைத் தனி நோயாகச் சேர்த்ததே 2013-ல்தான். சிகிச்சையின் முதல் பாடம் அக்காவுக்குத் தலைகீழாக இருந்தது: மூன்று வேளையும் சாப்பிட வேண்டும், நடுவில் பலகாரமும் உண்டு, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் நேரத்துக்கு. பகல் பட்டினிதான் ராத்திரி வேட்டையை எழுப்புகிறது என்றார். சாப்பிட்டதையும் அப்போது மனசு எப்படி இருந்தது என்பதையும் எழுதிவைக்க ஒரு நோட்டு. தினமும் எடை பார்ப்பது நிறுத்தம்.

நான் கணக்குக்காரன், எனக்கு எண் வேண்டும். அதனால் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் மினசோட்டாவில் பள்ளி மாணவர்கள் 4,746 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2003-ல் வந்திருக்கிறது. எடையை வைத்துக் குடும்பத்தினரே கேலி செய்கிறார்கள் என்று சொன்னவர்கள் பெண்களில் சுமார் 29 சதவீதம், ஆண்களில் 16. கேலிக்கு ஆளானவர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடுதல். அந்தப் பிள்ளைகளின் உண்மையான எடையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இந்தத் தொடர்பு போகவில்லை. அந்த வரியில் நான் கொஞ்ச நேரம் நின்றேன். 49 கிலோக்காரனும் அதற்குள் அடங்குவான் அல்லவா.

2014-ல் வந்த இன்னொரு ஆய்வில் 2,379 பெண்கள். பத்து வயதில், உன்னை யாராவது 'ரொம்பக் குண்டு' என்று சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார்கள். ஆம் என்றவர்களில் அதிகம் பேர் 19 வயதில் பருமனாக இருந்தார்கள். ஆரம்பத்தில் இருந்த எடை வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். சொன்னது குடும்பத்து ஆட்கள் என்றால் தொடர்பு இன்னும் பலமாக இருந்தது. சொன்னதால்தான் ஏறியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, அது வேறு. ஆனால் சொன்னால் இறங்கும் என்பவர்கள் கையில் இந்த அளவுக்காவது ஒரு கணக்கு இருக்கிறதா என்று கேட்கலாம்.

'நல்லதுக்குத்தானே சொல்றோம்' என்பவர்களிடம் எனக்கு முழுச் சண்டை இல்லை. அப்பாவுக்கு சுகர் இருக்கிறது. நம்மவர்களுக்கு பிஎம்ஐ 23 தாண்டினாலே கவனம் வேண்டும் என்று இந்திய மருத்துவர்கள் அளவுகோலையே இறக்கி வைத்திருக்கிறார்கள். நீர்க்கட்டிக்கு எடையும் ஒரு காரணி. இதெல்லாம் உண்மை. ஆனால் பந்தியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் "ரெண்டாவது லட்டு வேணுமா உனக்கு?" என்று கேட்பதில் அவளுக்குத் தெரியாத எந்தத் தகவல் இருக்கிறது? குண்டாக இருக்கிறோம் என்பது தெரியாமல் யாராவது குண்டாக இருக்கிறார்களா? அக்காவுக்கு இப்போது வைத்தியம் பார்க்கும் பெண் டாக்டர் முதல் நாள், "எடையைப் பத்தி இன்னிக்குப் பேசலாமா, அடுத்த தடவை பேசலாமா?" என்று கேட்டாராம். அடுத்த தடவை என்று அக்கா சொன்னாள். சரி என்று விட்டுவிட்டார். அடுத்த தடவை அக்காவே ஆரம்பித்தாள்.

ஆலோசகர் அம்மாவையும் ஒருநாள் வரச் சொன்னார். திட்டு விழப்போகிறது என்று பயந்து பயந்து போன அம்மா, உள்ளே போனதும் கொட்டித் தீர்த்துவிட்டாளாம். "எல்லாரும் என்னயத்தான் கேட்டாங்க. பயலுக்குச் சோறு போடலியா, பொண்ண அடக்கி வளக்கலியான்னு. நா யார்ட்ட போயிச் சொல்ல?" இதை அக்கா சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் உடம்பைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் முதலில் போய் விழுந்தது அம்மா மேல். விளிம்பில் தேய்த்த கரண்டி எங்களுக்காக மட்டும் தேய்த்ததில்லை. வந்திருந்த அத்தை பார்க்கட்டும் என்பதற்காகவும்தான்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நெய்க் கிண்ணம் இப்போது நடுவில் இருக்கிறது, அவரவர் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் யாராவது என் தட்டைப் பார்த்தால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது. ஆபீஸில் ஓரத்து இருக்கைதான். 57 கிலோ ஆகிவிட்டேன், எந்த மாத்திரையும் இல்லை, வயசும் மெஸ் சாப்பாடும்தான். இருந்தும் அரைக்கைச் சட்டை என் பீரோவில் ஒன்றுகூடக் கிடையாது. அக்காவுக்கும் பரீட்சை நேரம், கல்யாண நேரம் என்றால் ராத்திரிகள் மோசமாகும். நோட்டை எடுத்து எழுதுவாள், எழுதாமலும் விடுவாள்.

போன ஆவணியில் ஒரு சடங்கு வீட்டில் அத்தை வழக்கம்போல ஆரம்பித்தார். "என்னடி, இன்னும் ஒரு சுத்து..." அக்கா இலையிலிருந்து தலையைத் தூக்கி, சிரிக்காமல், "அத்தை, உங்களுக்கு சுகர் இப்ப எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள். பந்தியில் பத்துப் பேருக்கு முன்னால். அத்தை முகம் செத்துவிட்டது. மூன்று மாதம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை, அப்பாவுக்குப் போன் போட்டு மகளை எப்படி வளர்த்திருக்கிறாய் என்று அழுதார். அக்கா செய்தது மரியாதையா இல்லையா என்று வீட்டில் இன்னும் இரண்டு கட்சி இருக்கிறது. அம்மா எந்தக் கட்சி என்று சொல்லவில்லை. ஆனால் அத்தையைச் சமாதானம் செய்யப் போகச் சொல்லி அப்பா கேட்டபோது, "கால் வலிக்கி, நா வரல" என்று சொல்லிவிட்டாள்.

தை பிறந்ததும் அத்தை தானாகவே வந்தார். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் மட்டும், "சென்னைல எவ்வளவு சம்பளம் தாரான்?" என்று விசாரித்தார். பத்தாயிரம் கூட்டிச் சொன்னேன்.